வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங்கில் எங்களுக்குச் சாப்பாடு இருந்ததோ இல்லையோ, கமிட்டி இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் என்று நாலு பேர். நாலு பேரில் ஒருவர் காலிலும் உருப்படியான செருப்பு கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் என்றால் கூட்டம்தான். உப்பு வாங்கக்கூட ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அந்த வாரம் கஞ்சியில் உப்பு கிடையாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அப்படி உப்பில்லாமல் குடித்திருக்கிறோம்.

நாங்கள் நடத்தியது போக்கிடம் இல்லாதவர்களுக்கு ஒரு தங்குமிடம். ரப்பர் தோட்டங்கள் மூடிக்கொண்டபின் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலாக்கா பட்டணத்துக்கு நடந்தே வந்தார்கள். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டதால் தனியாக நின்ற பெண்கள், காய்ச்சலில் வீங்கிய குழந்தைகள், இனி எந்தத் தோட்டத்துக்கும் உதவாத கிழவர்கள். கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் படுத்தார்கள். காலையில் சிலர் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது எனக்கு முடியாத காரியமாக இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் தமிழா சொல்லிக்கொடுத்தேன், ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் கும்பிடுவதையும் அர்த்தம் தெரியாத ஜப்பானியப் பாட்டையும்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கொட்டகை கொடுத்தவர் ஒரு செட்டி. மலாக்காக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இவர்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். இவர் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். மாடுகளை ராணுவம் கொண்டுபோய்விட, வண்டிக் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் ஆட்களைப் படுக்க வைக்கலாமா என்று நான் கேட்டபோது, "மாடு படுத்த இடம்தானே, மனுஷன் படுத்தா என்ன" என்கிற மாதிரி மலாயில் ஏதோ சொல்லிவிட்டு அன்றைக்கே சாணியை வழித்து எடுத்தார். நான் அவரை அபாங் என்று கூப்பிடுவேன், அண்ணன் என்கிற மாதிரி.

அண்டா கொடுத்தவர் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கிச் செட்டியார். இவர் வேறு வகை, செட்டிநாட்டிலிருந்து வந்தவர், அசல் தமிழர். பெண்டாட்டி பிள்ளைகள் காரைக்குடிப் பக்கம், கப்பல் நின்றுபோய் இவர் இங்கே மாட்டிக்கொண்டார். கடலோரத்துக் கிளேபாங் மீனவர்களிடம் அவருக்கு எப்படியோ செல்வாக்கு இருந்தது, கருவாடு வந்துகொண்டிருந்தது. வாய்தான் கொஞ்சம் புளிப்பு. எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பார்.

எங்கள் மூன்று பேரையும் பிடித்துக் கமிட்டியாக்கித் தலைவரானவர் கிராணியார். மூடப்பட்ட ஒரு தோட்டத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் இல்லை. வேலை போய்விட்டது, கழுத்துப் பட்டி மட்டும் போகவில்லை. கோணிச்சாக்கில் தைத்த கால்சட்டையோடு கழுத்தில் அந்த டையைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வருவார். நான் முதல் தடவை சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சிரிங்க டீச்சர், பரவால்ல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கணும். நாளைக்கு யாரும் வந்து, நீங்களா இஷ்டத்துக்குச் செஞ்சீங்கன்னு கேட்டுடக்கூடாது" என்றார்.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. தொண்ணூறை நெருங்குகிறேன், இனிமேல் என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அதையெல்லாம் யார் முன்மொழிவது?

கூட்டம் நடக்கும் அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஊர் முழுக்க டோக்கியோ நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கிராணியார் கமிட்டிக்கு மட்டும் பழைய நேரத்தை வைத்திருந்தார். செட்டியார் டோக்கியோ நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, நாங்கள் தாமதமாக வருகிறோம் என்று திட்டுவார். காகிதம் கிடையாது, அதனால் நடவடிக்கைகளை எழுத முடியாது. செயலாளர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். அந்தச் செயலாளர் நான். ஒவ்வொரு வெள்ளியும் எழுந்து நின்று, போன வாரம் யார் என்ன முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன முடிவாயிற்று என்று பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். தப்பு இருந்தால் திருத்தம் சொல்லலாம். செட்டியார் வாரம் தவறாமல் திருத்தம் சொல்வார், பெரும்பாலும் தான் எதிர்த்ததை நான் போதுமான அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை என்று.

பிறகு நான் எல்லாவற்றையும் அபாங்குக்கு மலாயில் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முழுக்க முடிந்தபின்தான் "போலே" என்று கை தூக்குவார். சரி என்று அர்த்தம். மரவள்ளிக் கிழங்கைத் தோலோடு அவிப்பதா உரித்து அவிப்பதா என்பதற்கு நாலு பேரும் இப்படி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். கொட்டகைக்குப் பெயர் வைக்கும் பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. செட்டியார் தர்ம சத்திரம் என்றார், கிராணியார் ஆதரவு இல்லம் என்றார். ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழியவில்லை. கடைசிவரை அது கொட்டகைதான்.

இவ்வளவு கிண்டல் செய்கிறேனே, ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகையில் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் மாதிரிக் கூனிக்கொண்டு நிற்கவில்லை. புதிதாக ஒருவர் வந்தால் கிராணியார் எழுந்து நின்று, "கமிட்டி உங்களை ஏத்துக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கு" என்பார். பிச்சைக்கு வந்தவள் மாதிரிக் குனிந்து வந்த பெண், அதைக் கேட்டதும் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்வாள். அதைப் பார்க்கவே நான் வாசலில் நிற்பேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை. பசியோடு இருந்த நாட்களைப் போய் இப்படிச் சொல்கிறேன், என்ன செய்வது, உண்மை அதுதான்.

அப்படி வந்தவர்களில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு ஜோடி. அவன் பால்மரம் வெட்டியவன், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவன், நல்ல திடகாத்திரமான ஆள். சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள், போனவர் திரும்புவதில்லை என்று கேள்விப்பட்டதும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ரப்பர் காட்டு வழியாகவே வந்து சேர்ந்தான். அவள் முழுகாமல் இருந்தாள், தலைச்சன். அபாங் வீட்டு வேலியோரம் நின்ற பிலிம்பிங் மரத்தின் புளிப்புக் காய்களை அவளுக்காகவே பறித்து வைப்பார்கள். கொட்டகையில் உடம்பில் தெம்புள்ள ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது, நடக்க முடியாதவர்களைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் அவன்.

எங்கள் கமிட்டியின் பெருமை ஊரில் பரவியது. அதுதான் வினையாயிற்று. தொழிலாளர் ஆபீசில் ஜப்பானியருக்குக் கீழே ஆள் சேர்த்துக் கொடுக்க ஒரு தமிழ்த் தண்டல் இருந்தான். முன்பு ஏதோ தோட்டத்தில் மண்டோராக, கங்காணி மாதிரி, இருந்தவனாம். அவன் ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தபோது கிராணியார் பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் விளக்கினார். இங்கே ஒரு ஆள் உள்ளே வருவதும் கமிட்டி முடிவு, வெளியே போவதும் கமிட்டி முடிவு, தலைவரானாலும் தன் இஷ்டத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். தண்டல் மெச்சித் தலையாட்டிவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தான். கையில் துணிப்பட்டை கட்டியிருந்தான்.

"அடுத்த சனிக்கிழமை காலையில சயாமுக்கு லாரி கெளம்புது. ஒங்க கொட்டாயிலேர்ந்து ஒரு ஆளு. சீக்காளி வேணாம், நடக்கிற தூக்குற ஆளா இருக்கணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணி அனுப்பிடுங்க. அதான் கமிட்டி வச்சிருக்கீங்களே" என்றான். "இல்லேன்னா நாங்க வந்து எடுத்துக்குவோம். அப்போ ஒண்ணோட நிக்காது."

அவன் யாரைச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றுபோயிற்று.

அன்றைக்கே கூடினோம். கிராணியார் முறைப்படி பொருளைச் சொன்னார், "யாராவது ஒரு பெயரை முன்மொழியலாம்" என்றார். செட்டியார், "இதைப் பேச்சுக்கே எடுக்கக்கூடாது" என்றார். அபாங், அந்த ஜாசின் பையனைக் கிளேபாங்கில் மீனவர்களிடம் ஒளித்து வைக்கலாம் என்றார். அந்தப் பெண்ணுக்கு மாசம் நிறைந்துவிட்டது, காலெல்லாம் வீக்கம், அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அவனை மட்டும் ஒளித்தால் தண்டல் கொட்டகையையே காலி செய்வான். கூட்டத்தை ஒத்திவைத்தோம். அடுத்த கூட்டத்துக்குச் செட்டியார் வயிற்றுவலி என்று சொல்லி வரவில்லை. அபாங்கும் எங்கேயோ போய்விட்டார். இரண்டு பேரை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்த விதி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கொட்டகை வாசலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனோம். கூட்டமே நடக்காவிட்டால் சனிக்கிழமையும் வராது என்று நினைத்தோமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு பேரும் வந்தோம். பொழுது சாயவில்லை, வயல் பக்கம் வெளிச்சம் இருந்தது. கிராணியார் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சனிக்கிழமை லாரிக்கு என் பெயரை நானே முன்மொழியறேன்" என்றார்.

செட்டியார் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாக, "என்ன பேசுறீக நீங்க? மம்பட்டி புடிச்ச கையா அது?" என்று கேட்டார்.

"பிடிச்சாப் பழகிடும். அந்தப் பையனுக்குப் பின்னாடி ரெண்டு உசிரு இருக்கு. எனக்குப் பின்னாடி யாரும் இல்ல."

"அப்ப நாங்க யாரு?" என்றார் செட்டியார்.

கிராணியார் எங்கள் பக்கம் திரும்பினார். "வழிமொழியறவங்க யாரு?" என்று கேட்டார்.

செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அபாங்குக்கு மலாயில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். கடைசியில் கிராணியார் என்னைப் பார்த்தார். "டீச்சர்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனையோ தரம் அவர் சொன்னதற்கெல்லாம் முதல் ஆளாகக் கை தூக்கியவள் நான். அன்றைக்கு என் இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வழிமொழிய ஆள் இல்லாததால் தீர்மானம் விழுந்தது" என்று அவரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. முறைக்குக் கட்டுப்பட்ட மனிதர், இனி போகமாட்டார் என்று நம்பினேன். பையனைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவேயில்லை.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனபோது ஜாசின் பையன் வாசலில் பிடித்து வைத்த மாதிரி நின்றான். "ஐயா விடிஞ்சதுமே போய்ட்டாங்க டீச்சர். நான் போறேன்னேன். உன் பொண்டாட்டிக்கு வலி கண்டிருக்குடா, உள்ள போன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க" என்றான். உள்ளே அவள் முனகும் சத்தம் கேட்டது. அபாங்கின் மனைவி வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காஜா பெராங் ரோட்டில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஓடியதை அன்றைக்குப் பலர் பார்த்தார்கள். போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

ஆபீஸ் முன்னால் திடலில் லாரி நின்றது. ஆட்கள் வரிசையில் குந்தியிருந்தார்கள். கிராணியார் மட்டும் தண்டல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கழுத்துப் பட்டி இல்லை.

"வாங்க டீச்சர், நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றான் தண்டல். "நான் அந்த ஜாசின் பயல எதிர்பார்த்தா தலைவரே வந்து நிக்கிறாரு. கமிட்டி முடிவான்னு கேட்டா, முன்மொழிஞ்சேன் முன்மொழிஞ்சேன்னு அதையே சொல்றாரு. நீங்கதானே செக்ரட்டரி, நீங்க சொல்லுங்க. இது கமிட்டி முடிவா? இல்லேன்னா லாரி ஒங்க கொட்டாய்க்கு வந்துட்டுத்தான் போகும்."

இந்த மனிதரை என்னவென்று சொல்வது! சயாமுக்குப் போகத் துணிந்து வந்து நிற்கிறார், விழுந்துபோன தீர்மானத்தை நிறைவேறியது என்று ஒரு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அங்கேயே அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். முதல் நாள் சாயங்காலம் பார்த்த அதே பார்வை. கொட்டகையில் அந்தப் பெண் முனகியது என் காதிலேயே இருந்தது.

"ஆமா, கமிட்டி முடிவுதான். நாங்கதான் அனுப்பினோம்" என்றேன்.

தண்டல் தோளைக் குலுக்கிக்கொண்டு அவரை வரிசைக்குத் தள்ளினான். கிராணியார் குந்தி உட்காரும் முன் திரும்பி, "நன்றி டீச்சர். கிழங்கை இனிமே தோலை உரிச்சே அவிக்கச் சொல்லுங்க, செட்டியார் சொன்னதுதான் சரி" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்தபின் சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் வந்தார்கள். மலாக்காவுக்கு ரயில் கிடையாது, எங்கள் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தம்பின் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து அங்கிருந்து லாரியில் வந்தவர்களை எல்லாம் நான் போய்ப் பார்த்தேன். யாருக்கும் அவரைத் தெரிந்திருக்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வேளை வரவில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த லாரி போனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையைப் பற்றி. அந்த வாரம் முழுக்க என் காதில் விழும்படியாகவே கிணற்றடியில் பேசினார்கள். டீச்சர் ஓடிப்போய்த் தலைவரை லாரியில் ஏற்றிவிட்டு வந்தாள் என்று. அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஜாசின் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் போனேன்.

செட்டியார் முதல் தடவையாகப் பழைய நேரத்துக்கு வந்திருந்தார். தலைவர் இடத்தில் யாரும் உட்காரவில்லை. செட்டியாரே, "போன கூட்டத்து நடவடிக்கையைச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

எழுந்து நின்றேன். "தலைவர் அவர்கள் தம் பெயரைத் தாமே முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவரும் இல்லை" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தீர்மானம் விழுந்தது என்பது அடுத்த வரி. அதைச் சொன்னால் நான் தண்டலிடம் சொன்னது என் தனிப்பட்ட காரியமாகிவிடும், அவரை அனுப்பியது நான் ஒருத்திதான் என்றாகிவிடும். அது உண்மையும்கூட. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அதே இடத்தில் நின்றுவிட்டது.

"தப்பு" என்றார் செட்டியார். "திருத்தம் சொல்லுறேன், மனசுல வச்சுக்குங்க. வழிமொழிஞ்சது நான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியார் சொன்ன எதையும் ஒரு நாளும் வழிமொழியாத மனிதர்.

பக்கத்தில் அபாங் கை தூக்கியிருந்தார். நான் இன்னும் அவருக்கு ஒரு வார்த்தைகூட மலாயில் சொல்லவில்லை. "சாயா ஜுகா" என்றார். நானும்தான்.

வழிமொழிய ஒருவர் போதும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது செயலாளரின் வேலை. நான் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருத்தத்தோடு மறுபடியும் முதலிலிருந்து ஒப்பித்தேன். முடிவில், வழிமொழிந்தவர்களோடு என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.